எல்லோர் பாஸ்போர்ட்டும் அப்பா பையிலா?

சிங்கப்பூர், மலேசியா, ஆறு நாள் குடும்பச் சுற்றுலா! கூடவே தமிழ் பேசும் வழிகாட்டி வருவார். நம் ஊர்ச் சாப்பாடு கிடைக்கும். எந்தக் கவலையும் வேண்டாம்!

கோடை விடுமுறை நெருங்கினால் இந்த மாதிரி விளம்பரங்கள் வந்துவிடுகின்றன.

முன்பெல்லாம் சிங்கப்பூர் போவது என்றால் கப்பல் பயணம். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆள் ஏற்றிக்கொண்டு 'ரஜூலா' கப்பல் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போகும். 1970-களின் தொடக்கம் வரை அந்தக் கப்பல் ஓடியது. பிழைப்புத் தேடிப் போனவர்கள் அதில் ஏராளம். இன்று திருச்சியில் விமானம் ஏறினால் சுமார் நான்கு மணி நேரத்தில் சிங்கப்பூர். அப்பா, அம்மா, பிள்ளைகள், பாட்டி என்று குடும்பமே ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறது.

போகட்டும். நல்ல காரியம்தான். உழைத்துச் சேர்த்த பணத்தில் நாலு இடம் பார்ப்பதில் என்ன தவறு?

ஆனால் "கவலை வேண்டாம்" என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் நம்பக் கூடாது.

வழிகாட்டி ஒருவர். அவரோடு வருபவர்கள் முப்பது, நாற்பது பேர். கையில் ஒரு கொடியைப் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் நடப்பார். அவருக்கு வழி தெரியும். பாட்டிக்குச் சர்க்கரை நோய் என்பது தெரியுமா? சின்னப் பையனுக்குப் பேருந்தில் வாந்தி வரும் என்பது தெரியுமா? அதையெல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டியது குடும்பம்தான்.

குடும்பம் என்றால் யார்? நம் வீடுகளில் பெரும்பாலும் அது அப்பா ஒருவர்தான்! ஐந்து பேர் பாஸ்போர்ட்டும் அவர் பையில். டிக்கெட் அவர் பையில். பணம் அவர் பையில். ஓட்டல் பெயர் அவர் கைப்பேசியில். அம்மாவைக் கேட்டால், "அவருக்குத்தான் தெரியும்" என்பார். பாட்டியைக் கேட்கவே வேண்டாம்.

சிங்கப்பூரில் லிட்டில் இந்தியா என்ற பகுதி இருக்கிறது. அங்குள்ள தமிழர்கள் அதைத் தேக்கா என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலையில் அங்கே கூட்டம் நெரியும். ஒரு கடையில் புடவை பார்க்க அம்மாவும் பாட்டியும் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கொடி முன்னால் போய்விடுகிறது. அப்பாவும் பேச்சுச் சுவாரசியத்தில் கொடியோடு போய்விடுகிறார். திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை. அம்மா கையில் பணம் இல்லை. கைப்பேசி இருந்தும் வெளிநாட்டில் பேச வசதி செய்யவில்லை. தங்கிய ஓட்டலின் பெயர் தெரியாது. அவர் பட்டதாரியாகவே இருக்கட்டும், என்ன பயன்?

இது அம்மாவின் அறியாமை அல்ல. அவரிடம் எதையும் சொல்லாமல் வைத்த வீட்டின் குற்றம்.

இன்னொன்று. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இப்போது தானியங்கி வாயில்கள் வந்துவிட்டன. பாஸ்போர்ட்டைக் காட்டி, முகத்தைக் காட்டி, ஒவ்வொருவராகத்தான் உள்ளே நுழைய வேண்டும். "இவர் என் மனைவி, இவர் என் தாயார்" என்று இயந்திரத்திடம் சொல்ல முடியாது. பாஸ்போர்ட்டைத் தொட்டே பார்த்திராத பாட்டி அங்கே திகைத்து நிற்பார்.

ஆகையால் பெரியவர்கள் அவரவர் பாஸ்போர்ட்டை அவரவரே வைத்திருக்க வேண்டும். பிள்ளைகளுடையது அம்மாவிடம் இருக்கட்டும். "பாட்டி தொலைத்துவிட்டால்?" என்று கேட்பார்கள். தொலைத்தால் ஒன்று போகும். அப்பாவின் பை தொலைந்தால் ஐந்தும் போகும்! தொலைந்தால் போலீசில் எழுதிக் கொடுத்து, இந்தியத் தூதரகத்துக்குப் போய், ஊர் திரும்பத் தற்காலிகச் சீட்டு வாங்க வேண்டும். சுற்றுலா அத்தோடு நின்றுவிடும்.

பெயரில் வரும் வம்பு

பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது பெயர்.

நம்மவர்களுக்குப் பெயர் ஒன்று, இனிஷியல் ஒன்று. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று இரண்டு கட்டம். இனிஷியலை விரித்து அப்பா பெயரை எழுதுகிறார்கள். ஒருவருக்கு அது முதல் கட்டத்தில் இருக்கும். இன்னொருவருக்கு இரண்டாவது கட்டத்தில் இருக்கும். சிலருக்கு ஒரு கட்டம் காலியாகவே கிடக்கும். ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒரு மாதிரி, தம்பிக்கு ஒரு மாதிரி!

விமான டிக்கெட்டில் உள்ள பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். ஆதாரில் உள்ளபடி அல்ல, பள்ளிச் சான்றிதழில் உள்ளபடியும் அல்ல. ஓர் எழுத்து மாறினாலும் விமான நிலையத்தில் தகராறு வரலாம். கம்பெனிக்காரரிடம் பெயரை வாயால் சொல்லக் கூடாது. பாஸ்போர்ட்டின் நகலைக் கொடுக்க வேண்டும். டிக்கெட் வந்ததும் வீட்டில் படிக்கத் தெரிந்த பிள்ளையை உட்காரவைத்து, இரண்டையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

துபாய் போகிறவர்கள் இதில் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு நாடு 2022 நவம்பரில் அறிவித்தது.

கல்யாணமான பெண் கணவர் பெயருக்கு மாற்றியே ஆகவேண்டும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். அப்படிக் கட்டாயம் எதுவும் இல்லை.

அடுத்து, தேதி. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போக, பாஸ்போர்ட்டில் இன்னும் ஆறு மாத ஆயுளாவது பாக்கி இருக்க வேண்டும். பெரியவர்களின் பாஸ்போர்ட் 10 ஆண்டு செல்லும். சிறுவர்களுடையது பெரும்பாலும் 5 ஆண்டுதான். அப்பா தம்முடையதைப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று சொல்லிவிடுவார். பிள்ளையுடையது காலாவதியாகிக் கிடக்கும்.

சிங்கப்பூருக்கு விசா வேண்டும். மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியச் சுற்றுலாப் பயணிகளுக்கு 30 நாள் வரை விசா வேண்டாம் என்று சலுகை கொடுத்தது. ஆனால் அதற்குக் கெடு உண்டு. புறப்படுவதற்கு முன் நிலைமையைக் கேட்டுக்கொள்வது நல்லது. இரண்டு நாடுகளுக்கும் கடைசி மூன்று நாளுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்டால் அது போலித் தளம்.

கம்பெனிக்காரரிடம் கேட்பது

"ஒருவருக்கு இவ்வளவுதான்" என்ற விலையைப் பார்த்து மயங்கக் கூடாது. அதில் விசாக் கட்டணம் சேர்ந்ததா? மதியச் சாப்பாடு உண்டா? வேடிக்கைப் பூங்காக்களின் நுழைவுச் சீட்டு உண்டா? வழிகாட்டிக்கும் ஓட்டுநருக்கும் அன்பளிப்பு தனியா? பிள்ளைக்குக் கட்டில் உண்டா, அம்மாவோடு படுக்க வேண்டுமா? வர முடியாமல் போனால் எவ்வளவு திருப்பித் தருவார்கள்? இவற்றையெல்லாம் எழுத்தில் வாங்க வேண்டும். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. கொடுப்பது நம் பணம்.

பயணத் தொகையோடு வருமான வரி என்று ஒரு தொகையும் பிடிப்பார்கள். அது அரசுக்குப் போவது. பான் எண்ணைக் கொடுத்து, சான்று வாங்கி வைத்துக்கொண்டால் வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

இன்சூரன்ஸ் எடுக்கும்போது பாட்டியின் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் மறைக்கக் கூடாது. மறைத்தால் பணம் கேட்கும்போது கையை விரித்துவிடுவார்கள். சிங்கப்பூரில் ஆஸ்பத்திரிச் செலவு லேசில் தாங்காது.

கடன் வாங்கிப் போகலாமா? வேண்டாம். ஆறு நாள் பார்த்ததற்கு மூன்று வருடம் தவணை கட்டுவது சந்தோஷம் ஆகாது.

பெட்டியில் என்ன?

பெட்டி கட்டுவது பெரும்பாலும் அம்மா. ஆகவே சட்டமும் அவருக்குத்தான் முதலில் தெரிய வேண்டும்.

வீட்டில் அரைத்த குருமாப் பொடி வேண்டாம். அதில் கசகசா இருக்கும். சிங்கப்பூரில் கசகசா தடை செய்யப்பட்ட பொருள். பாட்டியின் வெற்றிலைப் பையில் புகையிலை இருந்தால் எடுத்துவிட வேண்டும். வாயில் போட்டு மெல்லும் புகையிலைக்கும் அங்கே தடை. சூயிங்கம் 1992 முதல் கொண்டுபோகக் கூடாது. தாத்தா சிகரெட் பிடிப்பவர் என்றால், ஒரு பெட்டி ஆனாலும் சுங்கத்தில் சொல்லி வரி கட்ட வேண்டும்.

கொப்பரைத் தேங்காயை விமானத்தில் ஏற்றவிட மாட்டார்கள். அதில் எண்ணெய் உண்டு, தீப்பிடிக்கும். ஊறுகாயையும் நெய்யையும் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் இறுகக் கட்டி வைக்க வேண்டும். பவர் பேங்க் மட்டும் இதற்கு நேர்மாறு. அது கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

மாத்திரைகளும் கைப்பையில்தான். பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டால் பாட்டி என்ன செய்வார்? மாத்திரையை டப்பாவில் கொட்டாமல் அட்டையோடு, டாக்டர் சீட்டோடு கொண்டுபோக வேண்டும். தூக்க மாத்திரைக்கும் சில இருமல் மருந்துகளுக்கும் முன் அனுமதி தேவைப்படலாம். அங்கே கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும். மருந்து வேளையை எப்படி மாற்றுவது என்று டாக்டரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

"என் மகன் அங்கே வேலை பார்க்கிறான். இந்தப் பொட்டலத்தை மட்டும் கொடுத்துவிடுங்கள்" என்று யாராவது வருவார்கள். கூடவே கூடாது! சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தியதாக நிரூபணமானால் தூக்கு. "எனக்குத் தெரியாது" என்பது எளிதில் எடுபடாது. மனத்தாங்கல் வந்தாலும் பரவாயில்லை, மறுத்துவிட வேண்டும்.

நகையைக் குறைத்துக்கொள்வது நல்லது. போட்டுத்தான் போவேன் என்பவர்கள் புறப்படும்போதே இந்தியச் சுங்கத்தில் காட்டிச் சான்று வாங்கலாம். வரும்போது கேள்வி வராது. அங்கே தங்கம் வாங்கி வரியில்லாமல் கொண்டுவரலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அந்தச் சலுகை ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் தங்கித் திரும்புபவர்களுக்குத்தான்.

பையில் ஒரு சீட்டு

பெரியவர், சிறியவர் எல்லோர் பையிலும் ஒரு சீட்டு இருக்க வேண்டும். ஓட்டலின் பெயரும் விலாசமும் ஆங்கிலத்தில், வழிகாட்டியின் எண், அப்பா அம்மாவின் எண், சாப்பிடும் மருந்தின் பெயர். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் போலீசுக்கு 999. சிங்கப்பூரில் ஆம்புலன்சுக்கு 995.

அம்மாவின் கையிலும் பாட்டியின் கையிலும் கொஞ்சம் வெள்ளி இருக்கட்டும். டாலரையும் ரிங்கிட்டையும் அங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்வார்கள். வங்கி அட்டை வெளிநாட்டில் வேலை செய்ய, முன்பே வங்கியில் சொல்லித் திறந்துவைக்க வேண்டும். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சி மொழிகளில் ஒன்று. வழி தவறினால் தயங்காமல் தமிழில் கேட்டுப் பார்க்கலாம். ரெயிலில் மட்டும் தின்பண்டப் பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. அபராதம் 500 வெள்ளி!

மலேசியாவில் எல்லோரும் போகும் இடம் பத்துமலை. 140 அடி உயர முருகன் சிலை 2006 முதல் அங்கே நிற்கிறது. குகைக்கோயிலுக்கு 272 படி. புதுச் செருப்பை அன்றைக்குத்தான் எடுத்துப் போடுவார்கள். பத்தாவது படியில் காலைக் கடிக்கும். இரண்டு வாரம் முன்பே போட்டு நடந்து பழக வேண்டும். முட்டி வலி உள்ள பாட்டி மேலே ஏறத் தேவையில்லை. அடியில் நின்று கும்பிட்டுவிட்டு நிழலில் உட்கார்ந்திருக்கலாம். பாஸ்போர்ட்டும் சீட்டும் தண்ணீரும் பாட்டியிடமே இருக்கட்டும். துணைக்குப் பேரனோ பேத்தியோ ஒருவர் இருந்தால் போதும்.