பக்கத்து வீட்டுக்காரர் வேலியைத் தள்ளிப் போட்டுவிட்டாரா? யாரிடம் போவது, எதை முதலில் செய்வது?

'நம்ம இடத்துல அரை அடி உள்ள வந்து வேலி போட்டுட்டாங்க.' தாலுகா அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் அடிக்கடி கேட்கிற புகார் இது. அரை அடியில் தொடங்கும் பேச்சு, சில நேரம் வெட்டுக்குத்து வரை போய்விடுகிறது. பெரும்பாலும் சிக்கல் முற்றுவதற்குக் காரணம், தப்பான கதவை முதலில் தட்டுவதுதான்.

தகராறு எப்போது வருகிறது?

கிளுவை வேலியோ முள்வேலியோ இருந்தவரை பிரச்னை இருக்காது. அதை எடுத்துவிட்டு காம்பவுண்ட் சுவர் எழுப்பும்போதுதான் 'சுவர் எந்த இடத்துல வரணும்?' என்ற கேள்வி வரும். செடி வேலி வருஷத்துக்கு வருஷம் அகலமாகும். அதன் நடுவா, ஓரமா என்பதிலேயே ஒரு அடி வித்தியாசம் வந்துவிடும். இடம் கைமாறும்போதும் இதே கதைதான்.

முதலில் என்ன பார்க்க வேண்டும்?

பத்திரத்தில் உள்ள நான்கெல்லை விவரம், நீள அகல அளவு, பட்டா, புலப்படம் எனும் எஃப்.எம்.பி. ஆகியவற்றை ஒன்றாக வைத்துப் பாருங்கள். பட்டாவையும் புலப்படத்தையும் தமிழக அரசின் இ-சேவை இணையதளத்தில் எடுக்கலாம். பத்திரத்தில் உள்ள பரப்பளவும் நான்கெல்லையும் ஒத்துப்போகாவிட்டால், பொதுவாக எல்லை விவரத்துக்கே நீதிமன்றங்கள் முன்னுரிமை தருகின்றன. பட்டா இருந்தாலே இடம் சொந்தம் என்று முடிவாகிவிடாது என்பதையும் மறக்கக் கூடாது.

சர்வேயர், போலீஸ், கோர்ட்: யாரால் என்ன முடியும்?

சர்வேயர்: கட்டணம் செலுத்தி விண்ணப்பித்தால், பக்கத்து நில உரிமையாளர்களுக்குத் தகவல் கொடுத்து அளந்து, எல்லையைக் காட்டுவார். தனியார் இடத்தில் போட்ட வேலியைப் பிடுங்கும் வேலை அவருடையது அல்ல. அளவீட்டில் திருப்தி இல்லையென்றால் மேல் அலுவலரிடம் மறு அளவீடு கேட்கலாம்.

போலீஸ்: இடம் யாருடையது என்று முடிவு செய்யும் அதிகாரம் காவல் துறைக்குக் கிடையாது. மிரட்டல், அடிதடி, அத்துமீறி நுழைதல் என்றால் புகார் கொடுக்கலாம். அரசு நட்ட எல்லைக்கல்லைப் பிடுங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 326-வது பிரிவின் கீழ் ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். அதனால் கோபத்தில் கல்லில் கை வைத்தால், நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் வழக்கு உங்கள் மேல்தான்.

கோர்ட்: உரிமையை முடிவு செய்வது சிவில் நீதிமன்றம் மட்டுமே. சுவர் எழும்பாமல் தடுக்க உறுத்துக்கட்டளை கேட்கலாம். வழக்கறிஞர் ஆணையரை நியமித்து, சர்வேயர் உதவியோடு அளக்கச் சொல்லியும் மனு போடலாம். சுவர் எழும்பிய பிறகு இடிக்கச் சொல்லிக் கேட்பதைவிட, அஸ்திவாரம் தோண்டும்போதே தடை கேட்பது எளிது.

ஏன் சும்மா இருக்கக் கூடாது?

'போகட்டும், பக்கத்து வீட்டுக்காரர்தானே' என்று விடுவதில் தப்பில்லை. ஆனால் சட்டத்தில் காலக்கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.

• உங்கள் அனுபவத்தில் இருந்த இடத்திலிருந்து சட்டவிரோதமாக வெளியேற்றப்பட்டால், குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 6-வது பிரிவில் 6 மாதத்துக்குள் வழக்கு போடலாம். இந்த வழக்கில் உரிமையை நிரூபிக்க வேண்டியதில்லை. அனுபவத்தில் இருந்ததைக் காட்டினால் போதும்.

• உங்களுக்கு எதிராக, வெளிப்படையாக, இடைவிடாமல் 12 ஆண்டுகள் ஒருவர் அனுபவித்துவிட்டால், எதிரிடை அனுபவம் மூலம் அவர் உரிமை கோரலாம். இதன் அடிப்படையில் அவரே வழக்கும் தொடரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் கூறியது.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. உரிமையாளர் அனுமதி கொடுத்து ஒருவர் அனுபவித்தால், அது எதிரிடை அனுபவம் ஆகாது. எனவே 'சரிண்ணே, இப்போதைக்கு வேலி அங்கேயே இருக்கட்டும்' என்று விட்டுக்கொடுப்பவர்கள், அதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு வைப்பது நல்லது. உறவும் கெடாது, உரிமையும் போகாது.

கோர்ட்டுக்குப் போகாமல் முடிக்க முடியுமா?

முடியும். வட்ட சட்டப்பணிகள் குழுவிடம் மனு கொடுத்தால், இரு தரப்பையும் அழைத்துப் பேசுவார்கள். லோக் அதாலத்தில் ஏற்படும் சமரசம் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். அதன்மீது மேல்முறையீடு கிடையாது. அதனால் எழுதியிருக்கும் அளவைச் சரிபார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.

சுருக்கமாக

பத்திரம் பாருங்கள், பேசுங்கள், அளக்கச் சொல்லுங்கள். ஒத்துவரவில்லை என்றால் சுவர் எழும்பும் முன்பே வழக்கறிஞரைப் பாருங்கள். பழைய வேலி இருக்கும் நிலையை, அதை எடுப்பதற்கு முன்பே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் வேலி எங்கே இருந்தது என்று காட்ட அதுவும் ஒரு சான்று.