துப்பறியும் நாவலும் வெற்றிலை மையும்

துப்பறியும் நாவல்கள் வாலிபரைக் கெடுக்கின்றன என்று நம்மவரில் பெரியோர் சிலர் ஓயாது சொல்லி வருகின்றனர். நாம் வேலை பார்க்கும் தோட்டத்தின் வாசகசாலைக்கு அத்தகைய நூல்கள் சில வாங்கவேண்டுமென்று கேட்டபோது, பெரியவர் ஒருவர், "கொலையும் களவும் கற்பிக்கும் குப்பை நமக்கு எதற்கு? கம்பனைப் படியுங்கள்" என்று வெகுண்டெழுந்தார். நல்லது. அவர் கம்பனைக் கையில் எடுத்ததை நாம் கண்டதில்லை.

அதே பெரியவர் சில ஆண்டுகளுக்கு முன் செய்ததென்ன? லயத்தில் ஒரு வீட்டில் இரண்டு பவுன் சங்கிலி காணாமற் போயிற்று. பூட்டு உடைந்திருந்ததா, கடைசியாக அதைக் கண்டவர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. வெளியூரிலிருந்து மந்திரவாதி ஒருவனை வரவழைத்தனர். வெற்றிலையில் மை தடவி, ஒரு சிறுவனைப் பார்க்கச் சொன்னான். "வெள்ளைச் சீலை தெரிகிறது" என்றது பிள்ளை. அவ்வளவுதான்! பக்கத்து வீட்டுக் கைம்பெண் கள்ளியாகிவிட்டாள். சங்கிலி போன நேரத்தில் அவ்வம்மையார் வெளிக்காட்டில் வேலையில் இருந்தார் என்பதற்குச் செக்ரோலே சாட்சி. அப்புத்தகம் நமது மேசைமேல்தான் கிடந்தது. அதைத் திறந்து காட்ட நமக்கும் அன்று தோன்றவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்ளுகிறோம். பின்னர், அடகுக்கடையில் அதை வைத்தவன் வீட்டுக்காரரின் சொந்த மகனே என்று தெரிய வந்தது. அதற்குள் அம்மையார் மூட்டை கட்டித் தோட்டத்தைவிட்டே போய்விட்டார்.

இப்பொழுது சொல்லுங்கள், குப்பை எது?

கானன் டாயில் 1902-இல் நூலாக வெளியிட்ட 'பாஸ்கர்வில் வேட்டைநாய்' நாவலைப் படியுங்கள். ஒரு குடும்பத்தைப் பேய்நாய் ஒன்று தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து வருகிறதென்று ஊரே நடுங்குகிறது. அந்நிலையில் விடுதியில் வாரிசின் புதிய பூட்ஸ் ஒன்று களவு போகிறது. பிறகு பழைய பூட்ஸ் ஒன்று மறைகிறது. அதன்பின் புதியது திரும்பக் கிடைக்கிறது. ஷெர்லாக் ஹோம்ஸ் இதைப் பற்றிக்கொள்கிறார். புதுத்தோலில் மனித வாடை இராது, பழைய பூட்ஸில் இருக்கும். பேய்க்கு மோப்பம் எதற்கு? ஆகவே நாய் மெய்யான நாய். அதை ஏவுகின்றவன் மனிதன். அவன் யாரென்று சொல்லமாட்டோம். சொன்னால் துப்பறியும் நாவல் பிரியர்கள் நம்மை மன்னிக்கமாட்டார்கள். (இவ்வளவு எழுதிய டாயிலே 1922-இல் தேவதைகளின் புகைப்படங்களை மெய்யென நம்பிப் புத்தகம் போட்டார். அறிவு எழுதுகோலில் மட்டும் இருந்தால் இப்படித்தான்.)

1929-இல் இத்தகைய கதைகளுக்குப் பத்து விதிகள் வகுத்தவர் ரொனால்ட் நாக்ஸ் என்னும் கத்தோலிக்கப் பாதிரியார். தெய்வீகச் சக்தியாலோ மாயத்தாலோ புதிரை அவிழ்க்கலாகாது என்பது அவற்றில் ஒன்று. ஒரு பாதிரியார்க்கு இருந்த துணிவு நம் பெரியோர்க்கு இல்லை.

தமிழில் 1908-இல் 'ராஜாம்பாள்' எழுதிய ஜே. ஆர். ரங்கராஜு, 'சந்திரகாந்தா' நாவலில் மடாதிபதி ஒருவரின் ஒழுக்கக்கேட்டை அம்பலமாக்கினார். நடை பழையது, தற்செயல் நிகழ்ச்சிகளும் மிகுதி. எனினும் படிக்கத் தக்கது. சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' அதனினும் நுட்பமானது. பேயா, விஞ்ஞானமா என்று கணேஷும் வஸந்தும் அதில் வழக்காடுகின்றனர். முடிவில் ஆசிரியர் சற்றே வழுக்கிவிட்டார் என்பது நமது குறை.

தோட்டத்தார் எல்லாவற்றுக்கும் முன் தேடவேண்டியது சாமர்செட் மாம் எழுதிய 'காட்டில் காலடிச் சுவடுகள்' என்னும் சிறுகதை. 1933-இல் வந்த 'ஆ கிங்' தொகுதியில் உள்ளது. களம் நமது மலாயா. தொழிலாளர் சம்பளப் பணத்தோடு திரும்பும் துரை ஒருவர் வழியில் சுட்டுக் கொல்லப்படுகிறார், பணத்தைக் காணோம். கொள்ளைக்காரர் செயல் என்று யாவரும் எண்ணுகின்றனர். நெடுநாட் சென்றபின் கிடைக்கும் ஒரு தடயம் அவ்வெண்ணத்தைத் தகர்க்கிறது. கொலையாளி யாரென்று போலீஸ் அதிகாரிக்குத் தெரிகிறது; ஆயினும் நிரூபிக்கப் போதிய சான்று இல்லாமையால் அவர் ஒருவர்மீதும் வழக்குத் தொடரவில்லை.

இப்புத்தகத்தைப் பெரியவர் சென்ற மாதம் நம்மிடம் இரவல் வாங்கிச் சென்றார். இன்னும் திரும்பி வரவில்லை.