119 எண்டால் ஒண்டுமில்லையா?

“மலம் அனுப்பிச் செக் பண்ணியாச்சு, ஒண்டுமில்லையாம்.” லண்டனில் இருக்கிற எங்கட சனம் கன பேர் இப்பிடிச் சொல்லிப்போட்டு நிம்மதியாக இருக்கினம். ஒண்டுமில்லை எண்டு ஆர் சொன்னது?

இங்கிலாந்தில் பெருங்குடல் புற்றுநோய் இருக்கா எண்டு பார்க்கிற பொதி இரண்டு வருசத்துக்கு ஒருக்கா வீட்டுக்குத் தபாலில் வரும். ‘ஃபிட்’ எண்டு பெயர். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தைத் தேடும். 2019இல் அங்கு இதைத் தொடங்கேக்க வைத்த எல்லை, ஒரு கிராம் மலத்துக்கு 120 மைக்ரோகிராம் ஹீமோகுளோபின். அப்ப 119 எண்டால் மேலதிகப் பரிசோதனை தேவையில்லை எண்டு இருந்தது.

அதே ஆள் வயிற்றுக் கோளாறு எண்டு குடும்ப வைத்தியரிட்டப் போனால், அதே சோதனைக்கு எல்லை 10! பக்கத்தில் ஸ்கொட்லாந்து 2017இலேயே 80 எண்டு தொடங்கியது. எல்லைக் கோட்டைத் தாண்டினால் குடல் மாறுமா? மாறுறது கொலொனோஸ்கோபி செய்ய இருக்கிற ஆளணியும் கட்டிலும்தான்.

அறிகுறி உள்ளவருக்குப் புற்றுநோய் இருக்கிற வாய்ப்புக் கூட, அதால எல்லை குறைவு எண்டு சொல்லுவினம். சரி. சுகமாக இருக்கிற ஆயிரம் பேருக்குள்ள குழாய் விட்டுப் பார்க்கிறதிலும் ஆபத்து இருக்கு. அதுவும் சரி. இந்தச் சோதனை உயிர்களைக் காப்பாற்றுது. பொதி வந்தால் கட்டாயம் செய்யுங்கோ.

ஆனால் எல்லையை 20இல் வைத்து அமெரிக்காவிலும் கனடாவிலும் செய்து 2014இல் வெளியான பெரிய ஆய்விலேயே, ஒருமுறைச் சோதனை 100 புற்றுநோய்களில் ஏறத்தாழ 26ஐத் தவறவிட்டது. கட்டி எல்லா நாளும் இரத்தம் கசிய வேண்டும் எண்டில்லை. அப்ப 120இல் எத்தினை தப்பும்?

ஆகவே கேட்கிறது ஒண்டுதான்: அந்த எண்ணைக் கடிதத்தில் போடுங்கோ. 3 வந்தவருக்கும் 119 வந்தவருக்கும் ஒரே ஆறுதல் வசனம் அனுப்புறது நியாயமில்லை. பற்றாக்குறையால் போட்ட கோட்டை, உடம்பைப் பற்றின தீர்ப்பு மாதிரிக் காட்டக் கூடாது.

கடிதத்தோட வாற அறிவுறுத்தலில் அறிகுறி இருந்தால் வைத்தியரைப் பாருங்கோ எண்டும் இருக்கும்தான். ‘ஒண்டுமில்லை’ எண்டு விளங்கினவர் அதை ஏன் வாசிக்கப் போறார்? இரத்தம் போனால் மூலம் எண்டு தானே முடிவெடுத்துக் கொண்டு இருப்பார்.

இனி ஆராவது “எனக்கு நெகட்டிவ்” எண்டு சொன்னால் சந்தோசப்படுங்கோ. பிறகு கூச்சப்படாமல் கேளுங்கோ: இரத்தம் போகுதா? உடம்பு மெலியுதா? மலம் போற பழக்கம் மாறியிருக்கா? ஓம் எண்டால், அந்தக் கடிதத்துக்கு ஒரு மதிப்பும் இல்லை. வைத்தியரிட்டப் போகச் சொல்லுங்கோ.