பக்கத்து அறையில் ஒரு பூனை

செல்லப் பிராணிகளுக்கு அனுமதியில்லை என்று விடுதி ஒப்பந்தத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும். ஆனால் பக்கத்து அறையில் பூனை இருக்கும். அலுவலகத்தில் கேட்டால், "அது செல்லப் பிராணி இல்லை, எமோஷனல் சப்போர்ட் அனிமல்" என்பார்கள். அமெரிக்கக் கல்லூரிகளில் இது இப்போது சர்வசாதாரணம். அங்கே படிக்கப் போகும் நம் பிள்ளைகளும் இது உரிமையா, ஏமாற்று வேலையா என்று குழம்புகிறார்கள்.

இரண்டு சட்டங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் சிக்கல். 1990-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம் இடம் கொடுப்பது சேவை நாய்களுக்கு. பார்வையற்றவருக்கு வழிகாட்டுவது போன்ற ஒரு குறிப்பிட்ட வேலைக்குப் பயிற்சி பெற்ற நாய் அது. வகுப்பறை, நூலகம், உணவுக்கூடம் எங்கும் கூடவே வரும். 'எமோஷனல் சப்போர்ட் அனிமல்' எனும் மனநல ஆதரவு விலங்குக்கு அந்தப் பயிற்சி தேவையில்லை. அது கூட இருப்பதே ஆறுதல். அதற்கு இடம் கொடுத்தது வேறொரு சட்டம்: 1968-இன் நியாயமான வீட்டுவசதிச் சட்டம். மாற்றுத்திறனாளிகள் அதில் 1988-இல் சேர்க்கப்பட்டார்கள். வீட்டுவசதிச் சட்டம் என்பதால் உரிமையும் தங்குமிடத்தோடு நின்றுவிடும். பூனையை வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

சரி, கல்லூரி விடுதி 'வீடு' ஆகுமா? நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் கியர்னி வளாகத்தில் இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போனது. மனச்சோர்வும் பதற்றமும் கொண்ட ஒரு மாணவி, தன் சின்னஞ்சிறு பின்ஷர் நாயைக் குடியிருப்பில் வைத்துக்கொள்ள அனுமதி கேட்டார். பல்கலைக்கழகம் மறுத்தது. அரசே வழக்குத் தொடர்ந்தது. மாணவர்கள் தற்காலிகமாகத் தங்குபவர்கள், இச்சட்டம் எங்களுக்குப் பொருந்தாது என்று பல்கலைக்கழகத் தரப்பினர் வாதாடிப் பார்த்தார்கள். 2013 ஏப்ரலில் நீதிபதி அதை ஏற்கவில்லை. மாணவர் குடியிருப்பும் குடியிருப்புதான் என்றார். 2015-இல் 1,40,000 டாலர் கொடுத்துச் சமரசம் ஆனது. மற்றக் கல்லூரிகள் அவசர அவசரமாக விதிகளைத் திருத்தியதில் வியப்பில்லை.

அதற்காகக் கேட்டவர்க்கெல்லாம் கிடைத்துவிடாது. மனநல நிபுணரின் கடிதம் வேண்டும். பாதிப்புக்கும் விலங்குக்கும் உள்ள தொடர்பை அது சொல்ல வேண்டும். பொதுவாகக் கல்லூரிகள் தனிக் கட்டணம் வாங்குவதில்லை, கம்பளத்தைக் கிழித்தால் பணம் கட்டத்தான் வேண்டும். இணையத்தில் காசுக்கு விற்கும் 'பதிவுச் சான்றிதழ்' வெற்றுக் காகிதம். அப்படியொரு தேசியப் பதிவேடே கிடையாது. இந்த வியாபாரத்தை ஒடுக்கத்தான், ஆதரவு நாய்க்குக் கடிதம் எழுதும் நிபுணர் குறைந்தது 30 நாள் அந்த நபருக்குச் சிகிச்சை அளித்திருக்க வேண்டும் என்று 2022 முதல் கலிஃபோர்னியா விதித்திருக்கிறது. நல்ல விதி. கள்ளச் சான்றிதழ்காரர்களால், உண்மையாகவே அல்லல்படும் மாணவர்மீதும் சந்தேகம் விழுகிறது.

 

அறைத்தோழருக்கும் உரிமை உண்டு. ஆஸ்துமாவோ கடும் ஒவ்வாமையோ இருந்தால் அதுவும் மருத்துவக் காரணம்தான்; அலுவலகம் பெரும்பாலும் இருவரில் ஒருவருக்கு வேறு அறை தரும். எனவே பூனை ஒவ்வாத பிள்ளைகள், அறை ஒதுக்கும் முன்பே மருத்துவர் கடிதத்தோடு விடுதி அலுவலகத்துக்கு எழுதிவிடுங்கள்.