சுழலும் பக்கத்தைப் பிள்ளையின் உடம்பு சொல்லட்டும்



"வலது கையால் எழுதுகிற பிள்ளை வலப்பக்கம்தான் சுழல வேண்டும்." ஜிம்னாஸ்டிக்ஸ் சொல்லித்தரும் சிலர் இப்படிச் சட்டம் போடுகிறார்கள். உங்களில் சிலரும் தலையாட்டுகிறீர்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எழுதும் கைக்கும் சுழலும் பக்கத்துக்கும் அப்படி உறுதியான தொடர்பு கிடையாது. வலக்கைக்காரர் பலர் இடப்பக்கம் சுழல்கிறார்கள். நடுவர் பார்ப்பது எத்தனை சுற்று, எவ்வளவு சுத்தம் என்பதைத்தான். பிறகு எதற்கு இந்தக் கட்டாயம்?

காற்றில் இருப்பது ஏறக்குறைய ஒரு வினாடி. யோசிக்க நேரமில்லை, உடம்பே அறிந்திருக்க வேண்டும். 2021-இல் டோக்கியோவில் சிமோன் பைல்ஸ் இரண்டரைச் சுற்றுக்குக் கிளம்பி, அந்தரத்தில் நிலை தெரியாமல் ஒன்றரையோடு இறங்கினார்; அணிப் போட்டியிலிருந்தே விலகினார். அவருக்கே அந்த நிலை வரும் என்றால், நாமே குழப்பிவிட்ட எட்டு வயதுப் பிள்ளை என்ன செய்யும்? கழுத்தல்லவா போகும்!

பெற்றோரே, பிள்ளையைத் தரையில் நின்று குதித்து, இரு பக்கமும் நாலைந்து முறை சுற்றச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் தள்ளாடாமல் நிற்கிறதோ, அதுவே அதன் பக்கம். அதை மாற்றாதீர்கள். இடக்கைப் பிள்ளையை அடித்து வலக்கையால் எழுதவைத்த காலம் போதும்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்