பசிக்குப் புகையிலையா, தோழர்களே?

கட்டுமானத் தோழர்களே, தூய்மைப் பணித் தோழர்களே, சித்தாள் வேலைக்கு வரும் அக்கா தங்கைகளே!

விடிந்ததும் வெறும் டீயோடு வேலைக்கு வந்து நிற்கிறோம். உதட்டுக்குள் ஒரு சிட்டிகை ஹான்ஸ் ஒதுக்கினால், ஒரு பீடி இழுத்தால், மதியம் வரை தாக்குப்பிடிக்கலாம் என்கிறோம். உண்மைதான், நிக்கோட்டின் பசியை அடக்கும். அது கான்கிரீட் போடும் நாளில் சாப்பாட்டு நேரத்தைச் சுருக்கிவிட்டுப் பாக்கெட்டை நீட்டும் மேஸ்திரிக்கும் தெரியும். நமக்குச் சேர வேண்டிய ஒரு வேளைச் சோற்றையும் அரை மணி ஓய்வையும் அந்தச் சிட்டிகைக்கு விற்றுக்கொண்டிருக்கிறோம்.

சாக்கடை ஓரம் நிற்கும் தோழர் நாற்றம் தாங்காமல் மெல்லுகிறார். பாதுகாப்புக் கவசம் இல்லாமல் மனிதரைக் குழியில் இறக்கக் கூடாது என்று 2013-லேயே சட்டம் வந்துவிட்டது. கவசம் எங்கே என்று ஒப்பந்ததாரரைக் கேட்க வேண்டிய வாயைப் புகையிலை அடைத்துவைத்திருக்கிறது!

"பாவம், உழைக்கிறவனுக்கு இதுகூட வேண்டாமா?" என்று நம் சங்கத்துக்குள்ளேயே பேசுகிறோம். இந்தப் பரிவுதான் எனக்கு அச்சமூட்டுகிறது. வசதியானவர்கள் நம்மைத் திருந்தாத ஜனம் என்று ஏசும்போது கொதிக்கிறோமே, நம் ஆட்களுக்கு இது போதும் என்று நாமே சொல்வது அதைவிட எந்த விதத்தில் மேல்? பீடி தரும் நிம்மதியில் பெரும்பகுதி, முந்தைய பீடி விட்டுச்சென்ற தவிப்பு அடங்குவதுதான்.

நாளுக்கு முப்பது ரூபாய் என்றே வையுங்கள். வருடத்தில் 10,950 ரூபாய். கூலி உயர்வுக்குக் கொடி பிடிக்கும் நாம் இந்தப் பணத்தை ஒருநாளாவது கணக்குப் பார்த்தோமா?

2016-17-இல் எடுத்த தேசிய ஆய்வில், இந்தியாவின் வயதுவந்தோரில் 28.6 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் புகையிலை பயன்படுத்துவதாகத் தெரிந்தது. புகைப்பவர்களைவிட வாயில் போடுபவர்களே அதிகம். வெற்றிலையோடு புகையிலை மெல்லும் நம் பெண்களை யாரும் கண்டுகொள்வதில்லை. பல்வலிக்கு நல்லது என்று அம்மா சொல்லித்தந்ததை மகளும் தொடர்கிறாள். கர்ப்பகாலத்தில் மென்றால் குழந்தை எடை குறைந்து பிறக்கக்கூடும் என்று அவளுக்கு எடுத்துச்சொல்ல ஆளில்லை. பாக்கெட்டின் 85 சதவீதப் பரப்பில் எச்சரிக்கைப் படம் அச்சிட்டிருக்கிறார்கள். பீடியை உதிரியாக வாங்கும் நம் கைக்கு அந்தப் படம் வந்து சேர்வதே இல்லை.

வாய்ப்புண் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாமல் இருக்கிறதா? வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு தெரிகிறதா? வாயை முழுதாகத் திறக்க முடியவில்லையா? அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஒருநாள் கூலி போகுமே என்று தள்ளிப்போடாதீர்கள். வாய்ப் புற்றுநோயைத் தொடக்கத்தில் பிடித்தால் காப்பாற்ற வழி உண்டு. நம் ஆட்கள் பெரும்பாலும் முற்றியபின்தான் போகிறார்கள்.

நெல்லையிலும் வேலூரிலும் வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றும் பெண்களை மறந்து நான் பேசவில்லை. புகையிலைத் தூளைச் சுவாசித்தபடி எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் அவர்களும் நம் தோழர்களே. மாற்றுத் தொழிலும் முழுப் பாதுகாப்பும் அவர்களுக்குக் கேட்பது நம் போராட்டத்தின் பகுதி.

ஆகவே இந்த ஞாயிறு கிளைக் கூட்டத்தில் இதை முதல் பொருளாக எடுங்கள். வேலைத்தளத்தில் சாப்பாட்டு இடைவேளையைக் குறைக்கக் கூடாது, குடிதண்ணீரும் கவசமும் தர வேண்டும், நல வாரியம் நம் வேலைத்தளங்களுக்கே வந்து வாய்ப் பரிசோதனை நடத்த வேண்டும் என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். பள்ளியைச் சுற்றி 100 கெஜத்துக்குள் புகையிலை விற்பது 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நம் தெருப் பள்ளியின் பக்கத்துக் கடைக்காரரிடம் நாலு பேராகப் போய்ச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் புகார் கொடுங்கள்.

விட நினைக்கும் தோழரைக் கேலி செய்யாதீர்கள், தனியே விட்டுவிடவும் வேண்டாம். முதல் சில நாட்கள் எரிச்சல் வரும், தூக்கம் கெடும். பக்கத்தில் இருங்கள். 1800-11-2356 என்ற எண்ணுக்கு அழைத்தால் விடுவதற்கான ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும். இன்று வேலை முடிந்ததும் அவர் கையில் உங்கள் போனைக் கொடுங்கள்.