வண்டியை ஓட்டுவது யார்?

பீர் குடிப்பவர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அந்தத் தொண்டைச் செய்ய நம்மிடையே வேண்டிய பேர் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் மாலை ஆறு மணிக்கு மேல் எங்கே இருப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். என் சண்டை வேறு ஒரு கூட்டத்தோடு. ஒரு தேசத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை காரில் கடந்து பார்க்கப் போகிறோம் என்று கிளம்பிவிட்டு, வழியில் எத்தனை ப்ரூவரிகளில் இறங்கலாம் என்று கணக்குப் போட்டுப் பட்டியல் எழுதுகிறார்களே, அந்தப் பட்டியல்காரர்களோடு.

‘அது அமெரிக்கக்காரன் சமாசாரம், உமக்கென்ன ஐயா அதில் வந்தது?’ என்று நீங்கள் கேட்கலாம். அமெரிக்கச் சமாசாரம்தான். ஆனால் இதைப் படிக்கிற உங்களில் பல பேருடைய பிள்ளையோ மருமகனோ இன்று அங்கேதான் இருக்கிறான். ஊருக்கு வரும்போது எல்லோருக்கும் சாக்லேட்டும் பாதாம் பருப்பும் கொண்டுவருகிறான். அங்கே இருக்கும்போது என்ன பட்டியல் எழுதுகிறான் என்பது நமக்குத் தெரிவதில்லை. எனக்குத் தெரியவந்தது.

என் தமக்கை மகன் நியூ ஜெர்ஸியில் உத்தியோகமாக இருக்கிறான். இப்போது கலிபோர்னியாவுக்கு மாற்றல். தட்டுமுட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, மனைவியையும் நாலு வயதுக் குழந்தையையும் கூட்டிக்கொண்டு காரிலேயே போய்விடுவது என்று தீர்மானம். எண்பதாம் நம்பர் நெடுஞ்சாலை நியூ ஜெர்ஸியில் டீனெக் என்ற ஊரில் புறப்பட்டு சான் பிரான்சிஸ்கோவில் போய் முடிகிறது. ஏறக்குறைய 2,900 மைல். நாம் கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் போனால்கூட அவ்வளவு தூரம் ஆகாது. நல்ல யோசனைதான் என்று நானும் சொன்னேன். பிறகுதான் அவன் விவரம் சொன்னான்.

“பத்து நாள் மாமா. மொத்தம் இருபத்தாறு ப்ரூவரி! பிளான் போடவே மூணு வாரம் ஆச்சு.”

“வண்டியை யாரப்பா ஓட்டுவது?”

“மத்தியானம் வரைக்கும் நான். அப்புறம் அவ. அவதான் குடிக்கமாட்டாளே!”

பின்னாலிருந்து அந்தப் பெண்ணின் குரல் வந்தது: “என்னை எதுக்குக் கூட்டிட்டுப் போறாருன்னு இப்பத்தான் மாமா எனக்கே புரியுது.”

அவன் சிரித்தான். அவள் வேடிக்கைக்குச் சொன்னதாக நினைத்துக்கொண்டான்.

அவன் போக விரும்பும் இடங்களை நான் இளக்காரமாக நினைக்கவில்லை. ‘கிராஃப்ட் ப்ரூவரி’ என்று அவர்கள் சொல்வது, சிறு அளவில், தன் கைப்பக்குவத்தில் பீர் காய்ச்சுகிற இடம். அதற்குப் பின்னால் ஒரு மரியாதைக்குரிய சரித்திரம் இருக்கிறது. 1873-ல் அந்தத் தேசத்தில் 4,131 ப்ரூவரிகள் இருந்தன. ஊருக்கு ஊர் ஒரு ஜெர்மானியர் தம் பாட்டனார் முறையில் காய்ச்சிக்கொண்டிருந்தார். பிறகு மதுவிலக்கு வந்தது. நமக்கு 1937-ல் சேலம் ஜில்லாவில் தொடங்கியது. அவர்களுக்கு 1920-லேயே தேசம் முழுவதும் வந்துவிட்டது. பதின்மூன்று வருஷம் கழித்து அதை எடுத்தார்கள். எடுத்தபோது பெரிய முதலாளிகள் எழுந்து நின்றார்கள். சின்னவர்களில் பெரும்பாலோர் எழுந்திருக்கவே இல்லை. அதற்கப்புறம் பெரியது சின்னதை விழுங்கி விழுங்கி, 1970-களின் கடைசியில் நூறு ப்ரூவரிகூட மிச்சமில்லை. எங்கே போனாலும் ஒரே வெளிறிய பீர், ஒரே சில்லிப்பு. ருசி தெரியாமலிருப்பதற்கு அந்தச் சில்லிப்பு ரொம்ப உதவி.

இதை மாற்றியவர்கள் சர்க்காருமல்ல, முதலாளிகளுமல்ல. சான் பிரான்சிஸ்கோவில் ‘ஆங்கர்’ என்ற பழைய ப்ரூவரி மூடப்போகிற தறுவாயில் இருந்தது. துணி துவைக்கும் இயந்திரம் செய்கிற குடும்பத்துப் பிள்ளையான ஃபிரிட்ஸ் மேடாக் 1965-ல் அதை வாங்கி உயிர் கொடுத்தார். கப்பற்படையில் இருந்தபோது ஸ்காட்லாந்தில் நல்ல பீர் குடித்துப் பழகிய ஜாக் மெக்காலிஃப், 1976-ல் கலிபோர்னியாவில் சொனோமாவுக்குப் பக்கத்தில் ‘நியூ ஆல்பியன்’ என்று ஒன்றைத் தொடங்கினார். 1982-ல் அது நொடித்துப்போயிற்று. ஆனால் பார்த்தவர்கள் பார்த்துக்கொண்டார்கள். வீட்டிலே சொந்த உபயோகத்துக்குப் பீர் காய்ச்சிக்கொள்ளலாம் என்ற சட்டத்தில் ஜனாதிபதி கார்ட்டர் 1978-ல் கையெழுத்துப் போட்டார். கென் கிராஸ்மன் என்ற இளைஞரும் அவருடைய கூட்டாளியும் பால் பண்ணைகளில் கழித்துவிட்ட பாத்திரங்களை வாங்கி ஒட்டுப்போட்டு, சீக்கோ என்ற ஊரில் 1980-ல் ‘சியரா நெவாடா’வை ஆரம்பித்தார்கள். இன்று தேசம் முழுவதும் ஒன்பதாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. இதைச் செய்தவர்கள் குடிகாரர்களல்ல, பிடிவாதக்காரர்கள். பிடிவாதக்காரர்களிடம் எனக்கு எப்போதுமே பிரியம் உண்டு.

அப்படிப்பட்டவர்களின் வீட்டு வாசலுக்கு இந்தப் பட்டியல்காரன் எப்படிப் போகிறான் என்று பாருங்கள். கும்பகோணத்தில் காலையில் வேன் ஏறி, ஒன்பது நவக்கிரக ஸ்தலங்களையும் ஒரே நாளில் முடித்துவிட்டு, திருநள்ளாற்றில் சனி பகவானையே கடியாரத்தைப் பார்த்தபடி சேவிக்கிறோமே, அந்தப் பக்திதான் இதுவும். உள்ளே நுழைகிறான், சின்னச் சின்னக் கிளாஸ்களை அடுக்கிய தட்டு ஒன்றை வரவழைக்கிறான், அதைப் படம் எடுக்கிறான், ஒவ்வொன்றிலும் இரண்டு மடக்கு, தொலைபேசியில் இதற்கு மூன்றரை நட்சத்திரம், அதற்கு நாலே கால் நட்சத்திரம் என்று குத்துகிறான், எழுந்து போகிறான். கசப்பு மிகுந்த பீரில் நாலு வகையை அடுத்தடுத்துக் குடித்தவன் நாக்கு ஐந்தாவதை என்ன கண்டது? அந்தக் கால் நட்சத்திரத்தை எந்தத் தராசில் நிறுத்தான்? சங்கீதக் கச்சேரிக்குப் போய் ஒவ்வொரு கீர்த்தனையிலும் பல்லவியை மட்டும் கேட்டுவிட்டு அடுத்த சபாவுக்கு ஓடுகிறவனை ரசிகன் என்று ஒப்புக்கொள்வோமா?

‘சாம்பிள்தானே, கொஞ்சம்தானே’ என்கிறார்கள். அந்தக் கொஞ்சத்தைக் கணக்குப் பார்ப்போம். ‘ஃப்ளைட்’ என்று சொல்கிற அந்தத் தட்டில் ஐந்து அவுன்ஸ் கிளாஸ் நாலு இருந்தால், மொத்தம் இருபது அவுன்ஸ். முழு பைன்ட் பதினாறு அவுன்ஸ்தான்! ஆகவே ‘சாம்பிள்’ பார்க்கிறவன், ஒரு முழுக் கிளாஸ் வாங்கிக் குடிக்கிறவனைவிட அதிகமாகக் குடிக்கிறான். சாதாரண பீரில் சாராயச் சத்து நூற்றுக்கு ஐந்து பங்கு. இந்தச் சிறு ப்ரூவரிகளில் ஆறும் ஏழும் சகஜம், எட்டும் உண்டு, கறுப்பு பீர்களில் சில பத்தைத் தாண்டும். எட்டுப் பங்கு உள்ளதாகப் பார்த்து நாலு கிளாஸ் எடுத்தால், ஒரு தட்டு என்பது சாதாரண பீர் டப்பா இரண்டரைக்கு மேல். ஒரு நாளைக்கு இப்படி மூன்று இடம் என்றால் எட்டு டப்பா. மனித ஈரல் ஒரு டப்பாவைக் கரைக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. பட்டியல்காரனுடைய அவசரம் அதற்குத் தெரியாது.

போலீஸுக்கும் தெரியாது. அந்தத் தேசத்தில் பெரும்பாலான ராஜ்யங்களில் ரத்தத்தில் நூற்றுக்கு 0.08 இருந்தால் வண்டி ஓட்டியது குற்றம். இவர்கள் வழியில் குறுக்கிடுகிற யூட்டாவில் 2018 கடைசியிலிருந்து 0.05. குடித்துவிட்டு ஓட்டுகிறவர்களால் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேருக்கு மேல் அங்கே சாகிறார்கள். மூன்று வாரம் உட்கார்ந்து போட்ட பிளானில் ப்ரூவரி திறக்கிற நேரம் இருக்கிறது, பார்க்கிங் இருக்கிறது, நட்சத்திரம் இருக்கிறது. இந்தக் கணக்கு மட்டும் இல்லை. இல்லாததற்குக் காரணம், அந்தக் கணக்கை மனைவியின் பேரில் எழுதிவிட்டான்.

எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான். குடிக்காதவளாயிருப்பது அவளுடைய குணம். அதை இவன் தன் சௌகரியமாக மாற்றிக்கொண்டான். பத்து நாளும் மத்தியானத்துக்கு மேல் அந்தப் பெண், முன்பின் தெரியாத ஊர்களில், பின்னால் குழந்தை அழ, பக்கத்தில் புருஷன் மெல்லிய குறட்டை விட, லாரிகளுக்கு நடுவே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு போகவேண்டும். ப்ரூவரிக்கு உள்ளே போனால் குழந்தைக்கு வேடிக்கை காட்டுவதும் அவள்தான். பெரியவர்கள் நெடுநேரம் பேசுகிற இடத்தில் நாலு வயதுக் குழந்தை எத்தனை நாழிகை சும்மா இருக்கும் என்பது பெற்றவளுக்குத் தெரியும். இதற்கு ‘குடும்பத்தோடு ஒரு டிரிப்’ என்று பெயர்! சம்பளத்துக்கு ஒரு டிரைவரை வைத்திருந்தாலாவது அவனுக்குச் சாப்பாட்டு வேளை என்று ஒன்று விடுவார்கள்.

‘நாங்கள் போவதால்தானே அந்தச் சின்ன முதலாளிகள் பிழைக்கிறார்கள்’ என்று ஒரு வாதம் இருக்கிறது. அதில் உண்மையில்லை என்று சொல்லமாட்டேன். 2024-ல் அங்கே புதிதாகத் திறந்த ப்ரூவரிகளைவிட மூடியவை அதிகம். வழிப்போக்கன் காசும் அவர்களுக்கு வேண்டியதுதான். ஆனால் தட்டு ஒன்று வாங்கி இருபது நிமிஷத்தில் ஓடுகிறவனைவிட, ராத்திரி அந்த ஊரிலேயே தங்கி, சாப்பிட்டு, காலையில் காப்பி குடித்துவிட்டுப் போகிறவன் அந்த ஊருக்கு அதிகம் கொடுக்கிறான். அதுவும் போகட்டும். யாரை வாழவைக்கிறோம் என்றாவது பட்டியல்காரனுக்குத் தெரியுமா? சிகாகோவின் ‘கூஸ் ஐலண்ட்’ 2011-லேயே உலகத்தின் மிகப் பெரிய பீர்க் கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. ஃபோர்ட் காலின்ஸில் தொடங்கிய ‘நியூ பெல்ஜிய’த்தை 2019-ல் ஜப்பானிய கிரின் கம்பெனியின் கிளை வாங்கிற்று. மேடாக் உயிர் கொடுத்த ஆங்கரை 2017-ல் சப்போரோ வாங்கி, 2023-ல் கதவைச் சாத்திற்று. அடுத்த வருஷம் தயிர் வியாபாரத்தில் பணம் பண்ணிய ஒருவர் அதை விலைக்கு வாங்கினார். இந்தக் கதையெல்லாம் நட்சத்திரத்தில் தெரிவதில்லை.

இன்னொன்று. ‘உள்ளூர் பீர், உள்ளூர் பீர்’ என்று தவிக்கிறார்களே, அந்தத் தேசத்து ஹாப்ஸ் பூவில் பெரும்பங்கு வாஷிங்டன் ராஜ்யத்தில் யாகிமா பள்ளத்தாக்கில் விளைகிறது. ஒஹையோவில் காய்ச்சினாலும் பூ பெரும்பாலும் அங்கேயிருந்துதான் வருகிறது. உள்ளூர்ச் சரக்கு என்று நிச்சயமாகச் சொல்லக்கூடியது தண்ணீரும், எதிரே உட்கார்ந்திருக்கிற மனிதர்களும்தான். டென்வரில் பாழடைந்த கிடங்குகள் நிறைந்த பகுதியில், வேலை போன ஒரு பூகர்ப்ப சாஸ்திரி 1988-ல் கூட்டாளிகளோடு சேர்ந்து ஒரு ப்ரூவரி விடுதி திறந்தார். ஊர் ஜனங்கள் அங்கே கூடினார்கள், பகுதியே திருந்திற்று. ஜான் ஹிக்கன்லூப்பர் என்ற அந்த மனிதர் பின்னால் டென்வர் மேயரானார், கொலராடோ கவர்னரானார், 2021-ல் செனட்டரும் ஆனார். நாலு வகை பீரை இரண்டு மடக்கு குடித்துவிட்டு ஓடுகிறவனிடம் இந்தக் கதையை யார் உட்கார்ந்து சொல்வார்கள்?

விஸ்கான்சினில் நியூ கிளாரஸ் என்று ஒரு கிராமம், 1845-ல் ஸ்விஸ் குடியானவர்கள் வந்து இறங்கிய இடம். 1993-ல் தொடங்கிய அந்த ஊர் ப்ரூவரியின் ‘புள்ளிப் பசு’ என்ற பீரை அந்த ராஜ்யத்துக்கு வெளியே விற்பதில்லை. பக்கத்து மினசோட்டாவில் ஒரு மதுக்கடையில் அதைக் கொண்டுவந்து விற்றதற்காக 2015-ல் வழக்கே போட்டார்கள். ‘வேண்டுமானால் எங்கள் ஊருக்கு வா’ என்று சொல்கிற அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருக்கிறது. அப்படிச் சொல்கிறவன் வீட்டுக்கு, மூன்று மணிக்கு வந்தேன் மூன்று இருபதுக்குப் போனேன் என்று போவது அவனுக்குச் செய்கிற அவமரியாதை.

ஆகவே என் தமக்கை மகனுக்கு நான் சொன்னது இதுதான். பத்து நாளைக்கு ராத்திரி தங்கப்போகிற ஊர்களை முதலில் குறி. அந்த ஊரில் நடந்து போகிற தூரத்தில் ப்ரூவரி இருந்தால், ஓட்டலில் கார்ச் சாவியை வைத்துவிட்டுப் போ. ஒரு நாளைக்கு ஒன்று. ஒரு கிளாஸோ இரண்டோ, முழுசாகக் குடி. பக்கத்தில் இருக்கிறவரோடு பேசு. இல்லாத ஊரில் இல்லை. பகலில் ஓட்டுகிற வேலையை இரண்டு பேரும் சரிபாதி பகிர்ந்துகொள்ளுங்கள். ரொம்ப ஆசையாயிருந்தால் திறக்காத டப்பாக்கள் நாலை வாங்கி வண்டியின் டிக்கியில் போட்டுக்கொண்டு போய்ப் புது வீட்டில் குடித்துக்கொள்ளேன்.

“அப்படிப் பார்த்தா பதினாறு விட்டுப்போகுமே மாமா!” என்றான்.

போகட்டும். அவனுடைய பட்டியலை வரவழைத்துப் பார்த்தேன். நெப்ராஸ்கா ராஜ்யத்தில் மட்டும் அந்தச் சாலை 455 மைல் ஓடுகிறது. ஓமஹாவில் இரண்டு ப்ரூவரி போட்டிருந்தான். அதற்கு மேற்கே, ‘ஒன்றுமில்லை, ஓட்டித் தள்ள வேண்டியது’ என்று எழுதியிருந்தான். அந்த ஒன்றுமில்லாத இடத்தில் சாலைக்குப் பக்கமாகவே பிளாட் நதி வருகிறது. பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை, வடக்கே போகிற கொக்கு ஜாதிப் பறவைகள் ஐந்து லட்சத்துக்கு மேல் அங்கே வந்து தங்குகின்றன. பகலெல்லாம் சோள வயல்களில் மேய்ந்துவிட்டு, பொழுது சாயும்போது கூட்டங்கூட்டமாக ஆற்று மணல் திட்டுகளில் வந்து இறங்கும். காசு கொடுக்கவேண்டாம், நட்சத்திரம் குத்தவேண்டாம், குழந்தையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டால் போதும். அவர்கள் புறப்படுவது மார்ச் மாதம். பட்டியல்படி அந்தச் சாயங்காலம் வண்டியை ஓட்டவேண்டிய முறை அவளுடையது, பின்ஸீட்டில் தூங்கவேண்டிய முறை அவனுடையது.